நெகட்டிவ் ஸ்கேன்: கோளாறு எங்கே, கடிதம் யாருக்கு?

கேள்வி: என் தந்தையார் நடத்திய ஸ்டுடியோவில் எஞ்சியுள்ள நெகட்டிவ்களை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் ஏற்றி வருகிறேன். ஒரே ரோலில் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்த படம் நீலமாகவும் வருகிறது. கருப்பு வெள்ளைப் படங்களில் முகங்கள் திட்டுத் திட்டாகச் சிதைந்துபோகின்றன. மென்பொருளைப் புதுப்பித்த பிறகே இவற்றைக் கவனித்தேன். உருவாக்கிய நிறுவனத்துக்குக் காட்டமாக எழுதினேன். ‘அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் ஒரே புகாராக எழுதியிருப்பவை தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். கருப்பு வெள்ளைப் படங்களின் சிதைவைப் பொறுத்தவரை, மென்பொருளின் மீது குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இயங்குகிறது. கலர் நெகட்டிவில் உருவத்தைத் தாங்கி நிற்பவை சாயங்கள். அவற்றை அகச்சிவப்பு ஒளி தடையின்றிக் கடந்துவிடும், தூசியும் கீறலும் மட்டும் அதை மறிக்கும். மறிபட்ட இடங்களைக் கண்டறிந்து, சுற்றிலும் உள்ள நிறத்தைக் கொண்டு மென்பொருள் நிரப்புகிறது. வழக்கமான கருப்பு வெள்ளை பிலிமிலோ உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது. அது அகச்சிவப்பை மறிப்பதால், உங்கள் பாட்டியாரின் முகத்தையும் தூசியென்றே எண்ணி மென்பொருள் துடைக்கப் பார்க்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கலர் நெகட்டிவுக்குரிய சி-41 முறையில் கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்.பி.2 போன்ற சில கருப்பு வெள்ளை பிலிம்கள் சாயத்தால் ஆனவை என்பதால் அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நெகட்டிவ்களைப் பிடிக்கும் பூஞ்சை வேறு வகை: அது பிலிமின் மேற்பூச்சையே அரித்துவிடுவதால், அரிபட்ட இடத்தில் எந்த மென்பொருளாலும் இருந்ததை மீட்க இயலாது, ஊகித்து நிரப்பவே இயலும்.

நிறம் மாறுவது வேறு கதை. கலர் நெகட்டிவ் பிலிம் முழுவதிலும் ஆரஞ்சு நிறச் சாயல் ஒன்று உண்டு; அதுவே பிலிமின் அடிப்படை நிறம். அதைக் கழித்த பிறகே உண்மையான நிறம் கிடைக்கும். எவ்வளவு கழிப்பது என்பதை மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே தீர்மானித்தால், செந்நிறப் பட்டுப்புடவைகள் நிறைந்த கல்யாண மண்டபப் படத்துக்கு ஒரு கணக்கும், அதே ரோலில் அடுத்து வரும் கடற்கரைப் படத்துக்கு வேறொரு கணக்கும் போட்டுவிடும். இரண்டு படங்களுக்கு இடையே ஒளிபடாத வெற்றுப் பகுதி ஒன்று இருக்குமல்லவா, அதை முதலில் அளந்து, எக்ஸ்போஷரையும் (ஒளியளவையும்) அடிப்படை நிறத்தையும் மாறாதபடி பூட்டிவிட்டு, அந்த ரோல் முழுவதையும் அதே அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். வியூஸ்கேன் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே தனி அமைப்பு உள்ளது. புதுப்பித்தலின்போது பழைய அமைப்புகள் அழிந்து தானியங்கி முறைக்குத் திரும்பியிருக்கக்கூடும்; அதை முதலில் பாருங்கள்.

அப்படியும் தீரவில்லையெனில், நிறுவனத்துக்கு எழுதுமுன் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறிவது உங்கள் பொறுப்பு. பிலிம் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கறை பிலிமோடு சேர்ந்து திரும்பினால் குறை பிலிமில். அதே இடத்தில் நின்றால் ஸ்கேனரில். ஸ்கேனரின் விளக்கு நகரும் திசையிலேயே நேர்கோடாக ஓடும் வண்ணக் கோடுகளுக்குப் பெரும்பாலும் காரணம், பிலிமைப் பிடித்து வைக்கும் சட்டமான ஹோல்டரின் தலைப்பக்கத்தில் அளவீட்டுக்காக விடப்பட்டுள்ள இடைவெளியில் அல்லது அதற்கு நேரே உள்ள கண்ணாடியில் படிந்த தூசிதான். அதற்கு ஒரு மென்துணி போதும். இரண்டும் சரியாக இருந்தால், திருத்தம் எதுவும் செய்யாத ‘ரா’ கோப்பாகச் சேமித்து வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்து இங்கே மட்டும் கெடுகிறது என்றால், இப்போதுதான் நிறுவனத்திடம் சொல்லத்தக்க ஒரு குறை உங்கள் கையில் இருக்கிறது.

காட்டமான கடிதத்துக்கு ஒருவரிப் பதில் வந்ததில் எனக்கு வியப்பில்லை. ‘நிறம் கெட்டுவிட்டது’ என்பதை வைத்துக்கொண்டு நிரல் எழுதுபவரால் எதையும் தேட முடியாது. உங்கள் மேசையில் நிகழ்வதை அவர் தம் மேசையில் நிகழ்த்திப் பார்த்தாக வேண்டும். ஆகவே ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். மென்பொருளின் பழைய, புதிய பதிப்பு எண்கள், கணினியின் இயங்குதளம், ஸ்கேனரின் மாடல், பிலிமின் வகை, எந்த வரிசையில் எதைச் சொடுக்கினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பவற்றோடு அமைப்புக் கோப்பையும் அந்த ‘ரா’ கோப்பையும் இணையுங்கள். பழைய பதிப்பில் சரியாக வந்தது என்பதை அதே நெகட்டிவைக் கொண்டு காட்ட முடிந்தால், அந்த ஒரு சான்றே மற்ற எல்லாவற்றையும்விட அவருக்கு உதவும். இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் மாற்றிய நிரல் வரிகளை மட்டும் அவர் தேடினால் போதும். புதிய பதிப்பில் நன்றாக அமைந்தவற்றையும் எழுதுங்கள். முகத்துதிக்காக அல்ல, குறையைத் திருத்தும்போது அவற்றையும் சேர்த்துக் கலைத்துவிடாமல் இருப்பதற்காக.

கேள்வி: 4800 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 4800 புள்ளிகள்) அளவில் ஹோல்டர் முழுவதையும் ஒரே தடவையில் ஸ்கேன் செய்தால் மென்பொருள் பாதியில் மூடிக்கொள்கிறது. கணினியை மாற்ற வேண்டுமா?
– வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம்; அளவைக் குறையுங்கள். 35 மி.மீ. படம் ஒன்று 2400 டி.பி.ஐ. அளவிலேயே ஏறக்குறைய 3400-க்கு 2270 புள்ளிகள் தரும். 48 பிட் நிறத்தில் அது சுமார் 46 எம்.பி. ஆகும். 4800 ஆக்கினால் நான்கு மடங்கு. ஹோல்டரில் உள்ள 12 படங்களையும் ஒருசேர நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய 32 பிட் மென்பொருளாக இருந்தால், 2 ஜி.பி.யைத் தாண்டும்போது அது திணறுவது இயல்பே. சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரின் லென்ஸ் 4800-க்குரிய நுணுக்கத்தைத் தருவதும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதுவதானால், ஒவ்வொரு படமும் முடிந்தவுடன் அதைச் சேமித்துவிடும் வசதி வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: கோப்புறைக்குத் தமிழில் பெயரிட்டால் ஸ்கேன் செய்த படம் சேமிக்கப்படவில்லை. இதையெல்லாம் புகாராக எழுதலாமா?
– வாசகர் ஒருவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அவசியம் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளில் மட்டுமே சோதித்துப் பார்க்கும் ஒருவருக்கு இந்தக் குறை கண்ணில் படவே வாய்ப்பில்லை. நம்மைப் போன்றோர் சொன்னால்தான் தெரியும். பெயரைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், அவர் அதை அப்படியே நகலெடுத்துச் சோதிப்பார். அதுவரை ஆங்கில எழுத்தில் பெயரிட்ட கோப்புறையில் சேமித்து, வேலை முடிந்தபின் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். படங்களுக்கு அதனால் கேடு எதுவும் வராது.