வயர்லெஸ் திரையில் வெறும் கோடுகள்

கேள்வி: எங்கள் விசைப்படகில் ஜிபிஎஸ் பிளாட்டரையும் (படகு நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் கருவி) வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸையும் வயர் போட்டு இணைத்தோம். பிளாட்டரில் இடம் சரியாக வருகிறது. வயர்லெஸ்ஸில் இடத்துக்குப் பதில் வெறும் கோடுகள்தான் தெரிகின்றன. எதில் பழுது?
– அக்கரைப்பேட்டை வாசகர்

பதில்: இரண்டையும் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு இணைப்பில்தான் இருக்கும். படகுக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் என்.எம்.இ.ஏ. 0183 முறையில் ஒரு கருவி சொல்லும், மற்றது கேட்கும். பிளாட்டரின் ‘அவுட்’ வயர் வயர்லெஸ்ஸின் ‘இன்’ வயருக்குப் போக வேண்டும். நீலத்தை நீலத்தோடு முறுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டுப் படத்தைப் பார்த்தே சேருங்கள்.

பிளாட்டரில் அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று இரண்டு இருந்தால் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். அவுட் ஒற்றை வயர்தான் என்றால் அதை இன் பிளஸ்ஸில் கொடுத்து, இன் மைனஸைப் பிளாட்டரின் பேட்டரி நெகட்டிவோடு சேருங்கள். இரட்டை வயர் பிளாட்டரில் மட்டும் அவுட் மைனஸை நெகட்டிவோடு சேர்க்காதீர்கள், உள்ளே ஐ.சி. போய்விடலாம்.

அடுத்து பிளாட்டரின் மெனு. வயர்லெஸ்ஸுக்குத் தகவல் அனுப்பும் போர்ட்டின் வேகம் (பாட் ரேட்) 4800 ஆக இருக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கருவி) மாட்டியவர் 38400 வைத்துவிட்டுப் போயிருந்தால் பல வயர்லெஸ்களுக்கு அது புரியாது. இடத்தைச் சுமந்து போகும் ஆர்.எம்.சி. என்ற தகவல் வரி ‘ஆன்’ ஆக இருக்கட்டும்.

இவ்வளவும் சரி என்றால் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, வயர்லெஸ் பக்கத்து ஜாயின்ட்டில் தொடுங்கள். எண் நொடிக்கொருதரம் துள்ளினால் தகவல் வந்து சேர்கிறது. அசையாமல் நின்றால் வயர் நடுவில் விட்டிருக்கிறது, அல்லது அவுட்புட் அணைந்திருக்கிறது. கொஞ்ச நாள் ஓடிவிட்டு நின்ற இணைப்பாக இருந்தால் முதலில் டேப்பை உரியுங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். டேப்புக்குள் இறங்கிய உப்புத்தண்ணீர் காய்வதே இல்லை. வெள்ளீயம் பூசிய வயரும் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். சிவப்பு டிஸ்ட்ரஸ் பட்டனை அழுத்தினால் 70ஆம் சேனலில் அழைப்போடு படகு நிற்கும் இடமும் போக வேண்டும். கோடுகள் இருக்கும்வரை, கையால் பதிந்தாலொழிய இடம் போகாது.

கேள்வி: பல கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் என்.எம்.இ.ஏ. 2000 கேபிளில் ஆழம் காட்டும் சென்சாரை மாட்டினோம். ஆழம் வந்து வந்து மறைகிறது.
– பழையாறு வாசகர்

பதில்: மின்சாரத்தை அணைத்துவிட்டு, கேபிளின் வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். 60 வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் (கேபிள் முனையில் மாட்டும் மின்தடை) இல்லை அல்லது கழன்றிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். முதன்மைக் கேபிளின் இரு முனையில் மட்டும் ஒவ்வொன்று போதும். கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஓம் சரியாக இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 9க்குக் கீழே இறங்கினால் சென்சார் அணைந்து அணைந்து மறுபடி ஆன் ஆகும். 24 வோல்ட் படகு என்றால் 12 வோல்ட் கன்வெர்ட்டர் வைத்துத்தான் இந்தக் கேபிளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.