மாவில் செய்த மீட்

வணக்கம் ஐயா,

தாத்தா வைத்திருந்த பழைய ஆங்கில பைபிளைப் படித்து வருகிறேன். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வந்த மொழிபெயர்ப்பு. லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் ‘மீட் ஆஃபரிங்’ என்று ஒரு காணிக்கை வருகிறது. அதில் மாவு, எண்ணெய், தூபவர்க்கம் எல்லாம் இருக்கின்றன, இறைச்சிதான் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் பார்த்தேன். ‘மீட்’ என்ற சொல்லுக்கு முதல் பொருளே ‘உணவு’ என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் கறிக்கு நாம் மீட் என்று சொல்வது தவறா? பழைய பொருள்தானே சரியான பொருள்?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள அம்மா,

கறிக்கு மீட் என்று தாராளமாகச் சொல்லுங்கள், தவறே இல்லை. அந்த அகராதி பொருள்களை வயதுப்படி அடுக்குகிறது. எழுத்தில் எது முதலில் காணப்பட்டதோ அது முதலில் வரும். அது இன்று வழக்கொழிந்த பொருளாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டதன் பக்கத்தில் சிறிய குத்துவாள் குறி ஒன்று போட்டிருப்பார்கள்.

வயதுதான் அளவுகோல் என்றால் ‘நைஸ்’ என்ற சொல்லை என்ன செய்வது? ‘அறியாத’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘மூடத்தனமான’ என்று பொருள். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் அதன் முதல் பொருள், அளவுக்கு மீறியும் துல்லியம் பார்க்கிற குணம். இன்று ஒருவரை நைஸ் என்று பாராட்டினால் அவரை முட்டாள் என்று திட்டியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஜான்சன் சொற்களுக்கு நூல்களிலிருந்து மேற்கோள் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த வழியில் இன்னும் வெகுதூரம் போனார்கள். அவர்கள் அகராதி 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் முளைத்த யோசனை. 1879இல் ஜேம்ஸ் மரே ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பழைய நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தை ஆண்டோடு துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் எழுதி அனுப்பினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது. 1915இல் மரே இறந்துவிட்டார். வேலை முடிந்தது 1928இல், அப்போது அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. எனக்கு அந்த அகராதியின் உயிரே அந்த மேற்கோள்கள்தான். நீங்கள் படிக்கும் நூலின் ஆண்டைப் பாருங்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில் எந்தப் பொருளுக்கு மேற்கோள் இருக்கிறதோ அந்தப் பொருளை வைத்துப் படியுங்கள்.

மீட் விஷயத்தில் ‘உணவு’, ‘கறி’ என்ற இரண்டு பொருளும் பல நூறு ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. 1611இன் மொழிபெயர்ப்பாளர்கள் உணவை மீட் என்றார்கள், இறைச்சியைப் பெரும்பாலும் ஃப்ளெஷ் என்றார்கள். ஆதியாகமம் 1:29இல் விதை தரும் பூண்டுகளும் கனிமரங்களும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகின்றன! தமிழ் வேதாகமத்தில் அங்கே ‘ஆகாரம்’, லேவியராகமத்தில் ‘போஜனபலி’. குழப்பத்துக்கே இடமில்லை. தமிழ்ப் பிரதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாத சொல் வந்தால் அகராதியை எடுத்துவிடுவோம். நம்மை ஏமாற்றுவது தெரிந்த சொல்தான். 1 தெசலோனிக்கேயர் 4:15இல், உயிரோடிருக்கும் நாம் இறந்தவர்களை ‘பிரிவென்ட்’ செய்வதில்லை என்று இருக்கும். தடுப்பதில்லை என்று படித்தாலும் வாக்கியம் ஏதோ பொருள் தருகிறது, அதனால் சந்தேகமே வராது. ஆனால் அன்று அதற்கு ‘முந்திச் செல்வது’ என்று பொருள். தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’ என்று சரியாக இருக்கிறது.

அப்புறம் 2 தெசலோனிக்கேயர் 2:7க்கு வரும்போது கவனம். அங்கே ‘லெட்’ என்ற சொல்லுக்கு ‘தடைசெய்’ என்று பொருள். ‘அனுமதி’ என்ற பொருளில் நாம் இன்று சொல்லும் லெட் வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி வினைகள். காலப்போக்கில் ஒலியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. தடை என்ற பொருளில் வரும் லெட் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளை எடுத்துப் பாருங்கள்: ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’. இவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று பிற நாடுகளிடம் கேட்கும் வரி அது.