கேமராவில் இருந்த நிறம் கம்ப்யூட்டரில் எங்கே போகிறது?

கேள்வி: ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 II வைத்திருக்கிறேன். கிளாசிக் குரோம் என்ற நிற அமைப்பில் வைத்துக் குறுவை நடவைப் படமெடுத்தேன். கேமராத் திரையில் பச்சை அடக்கமாக, அழகாக இருந்தது. ரா கோப்பை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தால் ஒரு விநாடி அதே நிறம் தெரிகிறது. உடனே மாறி, நாற்று கண்ணைக் குத்துகிறது. கேமராவின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? காசு கொடுத்து பிரீசெட் (சேமித்து வைத்த திருத்த அளவுகள்) வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பிரீசெட்டுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். உங்களிடம் இருப்பதை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

அந்த ஒரு விநாடியில் நீங்கள் பார்ப்பது ரா கோப்பை அல்ல. ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா தான் தயாரித்த ஒரு ஜேபெக்கையும் சேர்த்து வைத்துவிடுகிறது. லைட்ரூம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு சென்சார் பதிந்த தகவலை எடுத்து ‘அடோபி கலர்’ என்ற தன் புரோஃபைலில் நிறம் போடுகிறது. கிளாசிக் குரோம் என்பது ராவில் கலந்துவிட்ட நிறம் அல்ல. இந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும்.

ஆகவே முதலில் புரோஃபைலை மாற்றுங்கள். டெவலப் பகுதியில் புரோஃபைல் பிரவுசரைத் திறந்தால் ‘கேமரா மேட்சிங்’ என்ற தலைப்பில் உங்கள் கேமராவின் ஃபிலிம் சிமுலேஷன்கள் (கிளாசிக் குரோம் போன்ற நிற அமைப்புகள்) வரிசையாக இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் பிரிஃபரன்சஸ் சென்று, பிரீசெட்ஸ் தாவலில் ரா டிஃபால்ட்ஸ் என்பதை ‘கேமரா செட்டிங்ஸ்’ என்று வைத்துவிட்டால், இனி இறக்கும் படங்கள் எடுத்த சிமுலேஷனிலேயே திறக்கும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிதான் படுத்தும். ஹைலைட், ஷேடோ, கலர், கிரெயின், கலர் குரோம் எஃபெக்ட் என்று கேமரா மெனுவில் நீங்கள் வைத்த அளவுகள் இந்தப் புரோஃபைலோடு வருவதில்லை. அவற்றை நீங்களேதான் ஈடுகட்ட வேண்டும். எதைப் பார்த்து ஈடுகட்டுவது? வெல்வியா என்ற சிமுலேஷனுக்கு 1990இல் வந்த அசல் ஸ்லைடு ஃபிலிம் உண்டு. கிளாசிக் குரோம் என்ற பெயரில் ஃபூஜி ஃபிலிம் சுருள் எதுவும் விற்றதில்லை; 2014இல் கேமராவுக்குள்ளேயே பிறந்த நிறம் அது. ஆகையால் அதற்கு உரைகல் கேமரா தரும் ஜேபெக் மட்டுமே. உச்சி வெயிலில் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பார்த்த பின்பக்கத் திரையையும், அதில் பார்த்ததாக நினைவில் நிற்கும் நிறத்தையும் நம்பாதீர்கள்.

கேமராவை ‘ஃபைன் + ரா’வில் வையுங்கள். ராவை மட்டும் எடுத்துவிட்டீர்கள் என்றால் பிளேபேக் மெனுவின் ரா கன்வர்ஷனில் போய் ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். லைட்ரூமில் இறக்கும் முன், ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜேபெக்கைத் தனிப் படமாகக் கருதச் சொல்லும் தேர்வை பிரிஃபரன்சஸில் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஜேபெக் கண்ணில் படவே படாது. பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பிறகு டெவலப்பில் ரெஃபரன்ஸ் வியூவைத் திறந்து, இடப்பக்கம் ஜேபெக்கையும் வலப்பக்கம் ராவையும் வையுங்கள். படத்தின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் கீழே இரண்டுக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் சதவீதமாகத் தெரியும். நடவுப் படத்தில் நான்கு இடங்கள் போதும்: வேட்டியின் வெளுத்த மடிப்பு, நாற்று முடி, வெயில் படும் கை, வானம் தெரியும் சேற்று நீர்.

ஒயிட் பேலன்ஸ் ‘ஆஸ் ஷாட்’டிலேயே (எடுத்தபடியே) இருக்கட்டும். வெளிச்சம் பொருந்திய பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும்.

முதல் வம்பு வேட்டியில் தெரியும். நீங்கள் டைனமிக் ரேஞ்சை (டிஆர்; வெளுப்பு முதல் இருட்டு வரை விவரம் பிடிக்கும் அளவு) டிஆர்200 அல்லது டிஆர்400இல் வைத்திருந்தால் கேமரா ராவை ஒரு ஸ்டாப் அல்லது இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதியும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 160 அடிப்படை. டிஆர்200க்கு 320, டிஆர்400க்கு 640 என்று கேட்பது இதனால்தான். ஜேபெக் தயாரிக்கும்போது கேமரா இருட்டையும் நடுப்பகுதியையும் உயர்த்தி, வெளுப்பை அப்படியே பிடித்துக்கொள்கிறது. லைட்ரூமோ எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கிவிடும். அதனால்தான் வேட்டியின் மடிப்பு மறைந்து, சேற்று நீரில் மேகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. தகவல் ராவில் பத்திரமாக இருக்கிறது. ஹைலைட்ஸைக் குறைத்தால் மடிப்பு திரும்பி வரும். டிஆரை ஆட்டோவில் மட்டும் விடாதீர்கள். படத்துக்குப் படம் அது மாறும். ஒன்றுக்குச் செய்த பிரீசெட் அடுத்ததற்குப் பொருந்தாது.

இனி பச்சைக்கு வருவோம். நாற்றங்காலைப் பச்சை என்று நினைத்துக் கிரீன் ஸ்லைடரை இழுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இளநாற்று கணக்குப்படி பாதி மஞ்சள். லைட்ரூமில் அது பெரும்பாலும் யெல்லோவில்தான் அகப்படும். யெல்லோவின் செறிவைக் கொஞ்சம் குறைத்து, சாயலைப் பச்சைப் பக்கம் துளி நகர்த்தி, நாற்று முடியின் எண்களை ஜேபெக்கோடு ஒப்பிடுங்கள். கலர் குரோம் எஃபெக்டையும் கேமராவில் போட்டிருந்தீர்கள் என்றால் யெல்லோ, கிரீன் இரண்டின் லூமினன்ஸையும் (பிரகாசம்) இறக்குங்கள். செறிந்த நிறங்களுக்கு அடர்த்தி கொடுப்பதுதான் அந்த எஃபெக்டின் வேலை. சம்பா கதிர் முற்றிய வயலுக்கு இதே அளவுகள் சரிவராது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

யெல்லோ ஸ்லைடரில் ஒரு கண்ணி இருக்கிறது. வயலுக்காக அதைக் குறைத்து பிரீசெட்டாகச் சேமித்து, கல்யாண வீட்டில் போட்டீர்கள் என்றால் தாலிக் கயிற்றின் மஞ்சள் செத்துவிடும். தாராசுரம் கோயிலின் கல்லில் சாயங்கால வெயில் படும்போது வரும் பொன்னிறமும் அதோடு போய்விடும். வயலை மட்டும் கலர் ரேஞ்ச் மாஸ்க்கில் (ஒரு நிறப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் கருவி) பிடித்து அதற்குள் மாற்றுவது நல்லது. அல்லது வயலுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று தனித்தனி பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள். கிரெயினைக் கடைசியில் கண்ணளவில் போட்டால் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு, அச்சு அசலாகக் கேமராவின் நிறமே வேண்டும் என்றால், ஃபூஜி இலவசமாகத் தரும் எக்ஸ் ரா ஸ்டூடியோ இருக்கிறது. கேமராவை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால், கம்ப்யூட்டரில் உள்ள ராவைக் கேமராவின் சிப்பே ஜேபெக்காக்கிக் கொடுக்கும், மொத்தமாகவும் மாற்றலாம். என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் படத்துக்கு இதுவே போதும். லைட்ரூமில் உட்கார வேண்டியது, கேமராவின் முடிவை நீங்கள் ஏற்காத படங்களுக்கு மட்டும். கிளாசிக் குரோம் நிழலை அழுத்தமாக்கும். நடவு நடும் பெண்கள் குனிந்திருக்கும்போது முகம் நிழலில் கறுத்துப்போகும். அங்கே ஜேபெக்கோடு பொருத்திய பிறகு முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தூக்குங்கள். அந்த ஒரு இடத்தில் கேமராவோடு ஒத்துப்போகாமல் இருப்பதே சரி.

பிரீசெட் விற்பவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவை வேறொருவர் உடம்புக்குத் தைத்த சட்டை. வேறு சென்சார், வேறு டிஆர், வேறு ஊர் வெயிலில் செய்தது நம் வயலில் தொளதொளவென்றுதான் நிற்கும். லட் (நிறங்களை மாற்றும் அட்டவணைக் கோப்பு) என்று விற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஃபூஜியின் எடர்னா லட் எஃப்-லாக் என்ற நிறம் மங்கிய வீடியோ பதிவுக்கானது; புகைப்பட ராவில் போட்டால் நிறம் கன்னாபின்னாவென்று போகும்.

புதிய கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. ராவை எடுத்த அதே மாடல் கையில் இருந்தால்தான் எக்ஸ் ரா ஸ்டூடியோ வேலை செய்யும். எக்ஸ்-டி30 IIஐ விற்பதற்கு முன் பழைய படங்களில் வேண்டியவற்றையெல்லாம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.