தாயும் சேயும்: மனநலக் கேள்வி பதில்

குழந்தைகள், பெற்றோர், பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோருடன் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை. பால் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "இந்தப் பிள்ளைக்கு அம்மாவாக இருக்க எனக்குத் தகுதி இல்லை" என்று சொல்லி அழுகிறாள். பச்சை உடம்புக்காரி, காற்று கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இருந்ததில்லை. தானாகச் சரியாகிவிடுமா?
— வாசகி, வேலூர் மாவட்டம்

அம்மா, குழந்தை தூங்கும்போதும் மகள் தூங்குவதில்லை என்று நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் தூக்கம் கெடுவது இயல்பு. தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் கிடப்பது அப்படியல்ல. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணம் சொல்ல முடியாத அழுகையும் எரிச்சலும் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாரிடம் காணப்படுவதுதான். அது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழாவது வாரத்திலும் அழுகை, தூக்கமின்மை, தன்னைத் தகுதியற்றவளாக எண்ணுவது ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் காலத்தில் இது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தது, ஆனால் யாரும் கேட்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். உங்கள் மாவட்டத்திலேயே, கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து சந்தித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களில் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆள் இல்லாதது ஆகியவை அதனுடன் தொடர்புடையவையாகத் தெரியவந்தன. உங்கள் பேத்தி பிறந்த செய்தி கேட்டு யாருடைய முகமாவது வாடியிருந்தால், அதை உங்கள் மகள் நிச்சயம் கவனித்திருப்பாள். அவளிடம் அதைப் பற்றித் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ காட்டி இரத்தச்சோகையும் தைராய்டும் இருக்கின்றனவா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இவை இரண்டும் சோர்வை உண்டாக்கக்கூடியவை. அத்துடன் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்விப் பட்டியலைக் கொண்டு அவளைக் கேட்கச் சொல்லுங்கள். 1987-இல் வெளியான அதில் பத்தே கேள்விகள்தான். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் அந்தப் பட்டியலுக்கு ஆய்ந்து சரிபார்த்த தமிழ் வடிவமும் உண்டு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்ளும் அதே அக்கறை தாயின் மனத்துக்கும் கிடைக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வரும் தாயிடம் நான் அறிவுரை சொல்வதில்லை. அவளுடைய ஒரு நாளை, காலை எழுந்தது முதல் இரவு வரை, அவளையே சொல்ல வைப்பேன். "பால் போதவில்லை, நான் கெட்ட அம்மா" என்ற எண்ணம் எந்த நேரத்தில், யார் என்ன சொன்னபோது எழுந்தது என்பதை இருவருமாகத் தேடுவோம்; அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்; அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றை அவளே தேர்ந்தெடுப்பாள். பிறகு கணவரையும், முடிந்தால் மாமியாரையும் வரவழைத்துப் பேசுவேன். இதற்குப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சுற்றிய கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்கு இம்முறையைக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீட்டுக்கே அனுப்பினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் சென்று பேசிய தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கும், வழக்கமான வருகைகள் மட்டும் கிடைத்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு நீடித்திருந்தது. 2008-இல் வெளியான இந்த முடிவைப் பார்த்த பிறகுதான், குழந்தையைப் பார்க்க வருகிற எவரும் தாயுடன் அரை மணி நேரம் முறையாகப் பேசினால் எவ்வளவு மாறும் என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, இரவில் ஒரு பகுதியை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. பத்து மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பசித்து அழும்போது மட்டும் மகளை எழுப்புங்கள். ஏந்துவது, துணி மாற்றுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கட்டும். "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்களுக்கு ஆறுதல் தருமானால் நான் தடுக்கமாட்டேன், ஆனால் அதற்காகச் சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கருதுங்கள். தூக்கமே இல்லாமல் திடீரென்று அதிகமாகப் பேசுவது, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது, குழந்தையிடம் தெய்வமோ பேயோ இருப்பதாக நம்புவது, ஆளே குழம்பிப்போவது ஆகியவை காணப்பட்டால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் தீவிர நோய் அது. சாக வேண்டும் என்று அவள் சொன்னாலும் அவ்வாறே. அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் ஓயாமல் பேசுகிறாள். பள்ளியில் எட்டு மாதமாக ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அடம் என்கிறார் ஆசிரியை. அதட்டினால் சரியாகுமா, பரிசு கொடுத்தால் சரியாகுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வேண்டாம். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளி போன்ற இடங்களில் மட்டும் தொடர்ந்து பேசாதிருப்பதை செலக்டிவ் மியூட்டிசம் என்போம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தின் மௌனத்தை இதில் சேர்ப்பதில்லை; எட்டு மாதம் நீண்ட காலம். இது பதற்றத்தால் வருவது. உங்கள் மகள் பேச மறுக்கவில்லை, அந்த இடத்தில் அவளுக்குத் தொண்டையிலிருந்து குரல் எழவில்லை. செவித்திறனையும் பேச்சு வளர்ச்சியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வீட்டில் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

சிகிச்சையில் அவளை நாங்கள் பேசச் சொல்வதே இல்லை. பொம்மை வீடு, மணல் தட்டு, களிமண் உள்ள அறையில் அவள் விளையாடுவாள். நான் பக்கத்தில் அமர்ந்து, கேள்வி ஏதும் கேட்காமல், "பொம்மை அம்மா கதவைச் சாத்திவிட்டார்" என்று அவள் செய்வதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு பள்ளியின் ஒத்துழைப்புடன், மணி அடித்து எல்லோரும் போன வகுப்பறையில் அவளும் அம்மாவும் மட்டும் விளையாட வேண்டும். அங்கே குரல் எழத் தொடங்கியதும் ஆசிரியை முதலில் வாசலில் நிற்பார், சில நாள் கழித்து அறையின் மூலையில் அமர்வார், பிறகு விளையாட்டில் சேர்வார். அம்மா சிறிது சிறிதாக விலகுவார். எந்தப் படியில் குரல் நின்றதோ, அதற்கு முந்தைய படிக்குத் திரும்பிவிடுவோம். வாரங்கள் ஆகும், சில குழந்தைகளுக்கு மாதங்கள். அவள் முதல் சொல்லைப் பேசும் நாளில் யாரும் கைதட்டிக் கொண்டாட வேண்டாம் என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பதுதான் அவளுக்கு அச்சம்.

ஏழு வயது மகன் அடம் பிடிக்கிறான், பொருட்களை வீசுகிறான் என்று உளவியலாளரிடம் அழைத்துப் போனோம். அவனுடன் பேசியதைவிட எங்களுடன் பேசியதே அதிகம். தவறு எங்கள் மீதுதான் என்கிறாரா?
— வாசகி, மதுரை

அப்படிப் பொருள் கொள்ளாதீர்கள். அவன் என்னைப் போன்ற ஒருவருடன் வாரத்தில் முக்கால் மணி நேரம் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் உங்களுடனும் பள்ளியிலும் இருக்கிறான். அவனுடைய நடத்தையை மாற்றக்கூடிய கைகள் உங்களுடையவை என்பதால்தான் அவர் உங்களிடம் பேசுகிறார். அமெரிக்காவில் ஷீலா ஐபர்க் 1970-களில் சிறு குழந்தைகளின் பெற்றோருக்காக வகுத்த ஒரு முறையில், பெற்றோரும் குழந்தையும் ஓர் அறையில் விளையாட, உளவியலாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பெற்றோரின் காதுக் கருவியில் மெல்லச் சொல்லிக்கொடுப்பார். அந்த வசதி இல்லாவிட்டாலும் அதன் முதல் பகுதியை வீட்டில் செய்யலாம். நாள்தோறும் ஐந்து நிமிடம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அவன் விரும்பும் விளையாட்டில் அவன் சொற்படி சேர்ந்துகொள்ளுங்கள். ஆணையிட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம், குறை சொல்ல வேண்டாம். அன்று அவன் தட்டை வீசியிருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். பல பெற்றோருக்கு முதல் வாரம் இது மிகவும் கடினமாக இருக்கிறது. கேள்வியும் ஆணையும் இல்லாமல் பிள்ளையுடன் பேசிய பழக்கம் நமக்குக் குறைவு.

பால் கொடுக்கும் தாய் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடலாமா? மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

நான் மருந்து எழுதித் தருபவள் அல்ல, அது மனநல மருத்துவரின் பணி. எனினும் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பாலை நிறுத்துவதா, மருந்தை நிறுத்துவதா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாமல், பால் கொடுப்பதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. அவளுடைய நோயால் குழந்தைக்கு ஆபத்து நேரலாம் என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையுடன் அவள் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கு போவது என்று தெரியாத நிலையில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உளவியலாளரைத் தேடும்போது அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.