84,600 டாலர் கோடும் பிளேனோ வாசகரின் கேள்வியும்

கேள்வி (2026 ஜனவரி): டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறோம். எனக்கு 59 வயது, மனைவிக்கு 57. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். நான் வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு கிடையாது. சம்பளம் 80,000 டாலர். இதைத் தவிர இந்திய வங்கியில் உள்ள, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்புகளின் வட்டியும் கோவை வீட்டின் வாடகையுமாகச் செலவு போக ஏறக்குறைய 8,000 டாலர் வருகிறது. அரசின் காப்பீட்டுச் சந்தை இணையதளமான ஹெல்த்கேர் டாட் கவ் வழியாக எடுத்த, நடுத்தர வகையான வெள்ளித் திட்டத்துக்குச் சென்ற ஆண்டு மாதம் 620 டாலர் அளவில் கட்டினோம். அதே திட்டம் இந்த ஜனவரியில் 2,150 டாலராகிவிட்டது. வேறு வழியின்றி ஒரு மாதத்துக்குக் கட்டியும் விட்டேன். அதற்குக் கீழ்நிலையில் உள்ள வெண்கலத் திட்டம்கூட 1,580 டாலர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பிரீமிய மானியத்தை நீட்டித்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதுவரை காப்பீட்டை நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா? மனைவிக்கு நீரிழிவு உண்டு.

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் மாநிலத்தில் 2026ஆம் ஆண்டுக்கான பதிவு ஜனவரி 15ஆம் தேதியோடு முடிகிறது. வாஷிங்டனில் என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும், அந்தத் தேதிக்குள் நீங்கள் செய்யக்கூடிய ஒரு மாற்றம் உங்கள் மாதத் தொகையை 2,150 டாலரிலிருந்து நூறு டாலர் சொச்சத்துக்குக் கொண்டுவரக்கூடும். அதற்கு முன்னால், நண்பர்களின் நம்பிக்கையை நம்பி ஏன் முடிவெடுக்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இதுவரை அனுபவித்தது இரண்டு அடுக்கு மானியம். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஒபாமாகேர், வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே பிரீமிய வரிச்சலுகை தந்தது. கொரோனாக் காலத்தில், 2021 மார்ச்சில் நிறைவேறிய நிவாரணச் சட்டம் அந்த உச்சவரம்பை நீக்கி, யாரும் தம் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்று ஆக்கியது. 2022இல் வந்த மற்றொரு சட்டம் அதை 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அந்தத் தேதி கடந்துவிட்டது. பழைய உச்சவரம்பு திரும்பிவிட்டது. பணம் கட்டுவதில் உங்களுக்கு நேர்ந்த அதிர்ச்சி இதனால்தான். இதோடு காப்பீட்டு நிறுவனங்களும் 2026க்குக் கட்டணத்தைக் கணிசமாக உயர்த்தியுள்ளன. மானியம் போனால் உடல்நலம் உள்ளவர்கள் விலகி, நோயாளிகளே மிஞ்சுவார்கள் என்ற கணிப்பும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம்.

நீட்டிப்புக்கான சண்டை 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடக்கமாக நீண்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை நடந்தவற்றில் அதுவே மிக நீண்டது. டிசம்பரில் செனட்டில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதியோடு அது முடிந்தது. டிசம்பர் 11 அன்று இரண்டு மசோதாக்கள் வாக்குக்கு வந்தன. ஜனநாயகக் கட்சியின் மூன்றாண்டு நீட்டிப்புக்கும், மானியத்துக்குப் பதிலாக மக்களின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 1,000 முதல் 1,500 டாலர் வரை போடலாம் என்ற குடியரசுக் கட்சியின் யோசனைக்கும் தலா 51 வாக்குகள் கிடைத்தன. பெரும்பான்மை கிடைத்தும் இரண்டும் தோற்றன, ஏனெனில் செனட்டில் விவாதத்தை முடித்து முன்னேற 60 வாக்குகள் வேண்டும். பிரதிநிதிகள் சபையில் தலைமையின் விருப்பத்தை மீறி, உறுப்பினர்களின் கையெழுத்து மனு வழியாக வாக்கெடுப்புக்கு வந்த மூன்றாண்டு நீட்டிப்பு, 2026 ஜனவரி 8, வியாழக்கிழமை அன்று, 17 குடியரசுக் கட்சியினரின் ஆதரவோடு 230க்கு 196 என்று நிறைவேறியது. உங்கள் நண்பர்கள் அந்தச் செய்தியைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த மசோதா போக வேண்டிய இடம், இதே நீட்டிப்பை 2025 டிசம்பரில், 51 ஆதரவு வாக்குகள் கிடைத்தும், வீழ்த்திய அதே செனட்.

இரு தரப்புக்கும் இடையிலான பிளவு தொகையைப் பற்றியது மட்டுமல்ல. நிரந்தர நீட்டிப்புக்குப் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 350 பில்லியன் டாலர் ஆகும் என்று காங்கிரஸின் நிதிக் கணிப்பு அலுவலகம் மதிப்பிட்டுள்ளது. பெருந்தொற்றுக்கால ஏற்பாடு நிரந்தரமாகக்கூடாது, பணம் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகிறது, பிரீமியமே இல்லாத திட்டங்களில் முகவர்கள் போலிப் பதிவு செய்கிறார்கள் என்பவை குடியரசுக் கட்சியின் வாதங்கள். கருக்கலைப்புக்கான கட்டுப்பாடுகளையும் அவர்கள் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள்; சமரசத்துக்குத் தயாரானவர்கள்கூட அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எனவே நீட்டிப்பு வந்தால் நல்லது, ஆனால் குடும்பத்தின் முடிவை அதன் மேல் கட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

இனி உங்கள் கணக்கு. 2026ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்குப் பயன்படும் வறுமைக்கோடு இருவர் கொண்ட குடும்பத்துக்கு 21,150 டாலர்; அதன் நான்கு மடங்கு 84,600. உங்கள் வருமானம் 88,000. இந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு மானியம் படிப்படியாகக் குறைவதில்லை, முழுவதும் போய்விடுகிறது. கோட்டுக்குக் கீழே இருந்தால், உங்கள் நிலையில் உள்ளவர்கள் வருமானத்தில் 9.96 சதவீதத்தைக் கட்ட வேண்டும். உங்கள் பகுதியில் இரண்டாவது மலிவான வெள்ளித் திட்டத்தின் விலையில் மீதியை அரசு ஏற்கும். உங்கள் திட்டமே அந்த இரண்டாவது மலிவான திட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன், சென்ற ஆண்டு நீங்கள் கட்டிய தொகை அப்படித்தான் காட்டுகிறது. அப்படியானால் வருமானம் 82,000 ஆக இருக்கும்போது உங்கள் பங்கு ஆண்டுக்கு 8,167 டாலர், மாதம் ஏறக்குறைய 681. அரசின் பங்கு ஆண்டுக்கு 17,633 டாலர். கோட்டுக்கு மேலே உள்ள 3,400 டாலர், 17,000 டாலருக்கு மேற்பட்ட உதவியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

உங்களைக் கோட்டைத் தாண்ட வைப்பது சம்பளம் அல்ல, இந்தியப் பணம். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அதை அமெரிக்கக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று நம் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அது தவறு. அமெரிக்கக் குடிமக்களும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களும் உலகில் எங்கு ஈட்டினாலும் அது இங்கே வருமானம்தான். மானியக் கணக்கிலும் அது சேரும். ஆகவே அதை விட்டுவிட்டு 80,000 என்று எழுதும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். கோவை வீட்டுக்கு, சொத்து வரி, பழுதுபார்ப்பு மட்டுமல்லாமல் தேய்மானத்தையும் கழிக்க அமெரிக்க வரிச்சட்டம் இடம் தருகிறது. அதைக் கழிக்காமல் விட்டிருந்தால், வரிக் கணக்காளரிடம் அதை முதலில் கேளுங்கள்.

மிச்சத்தை நேர்மையான வழியில் குறைக்க இரண்டு கதவுகள் உள்ளன. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், இந்த ஜனவரி முதல் சந்தையில் விற்கும் எல்லா வெண்கலத் திட்டங்களையும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு, அதாவது எச்எஸ்ஏ, தொடங்கத் தகுதியானவை என்று ஆக்கியிருக்கிறது. இந்தக் கணக்கில் நீங்கள் போடும் பணம் வருமானத்திலிருந்து கழியும். குடும்பத்துக்கு 2026இல் உச்சவரம்பு 8,750 டாலர். இருவரும் 55 வயதைக் கடந்தவர்கள் என்பதால் தலா 1,000 கூடுதலாகப் போடலாம், ஆனால் மனைவியின் ஆயிரம் அவர் பெயரில் உள்ள தனிக் கணக்கில்தான் போக வேண்டும். பிப்ரவரியில் தொடங்கினால் பன்னிரண்டில் பதினொரு பங்கு என்று கணக்கிட்டாலும் 9,800 டாலருக்கு மேல் இடம் இருக்கிறது. 6,000 போட்டாலே வருமானம் 82,000 ஆகிவிடும். இரண்டாவது கதவு பாரம்பரிய ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கு. உங்கள் நிறுவனத்தில் ஓய்வூதியத் திட்டமும் இல்லையென்றால், ஐம்பது வயதைக் கடந்தவர் என்ற முறையில் 8,600 டாலர் வரை முழுதாகக் கழிக்கலாம். வருமானம் இல்லாத மனைவி பெயரிலும் தனியாகப் போடலாம்.

இந்த இரண்டு கணக்குகளிலும் 2026ஆம் ஆண்டுக்கான பணத்தை 2027 ஏப்ரல் 15 வரை போட முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டு முடிந்து, வங்கிகளின் வட்டிச் சான்றுகளெல்லாம் வந்து, ரூபாயை டாலராக்கிப் பார்த்த பிறகு, கோட்டுக்கு மேலே 700 டாலர் நிற்கிறது என்று தெரிந்தால் அப்போதும் அதைக் கீழே இறக்கலாம். சம்பளக்காரருக்கு இப்படியொரு இரண்டாம் வாய்ப்பு அரிது.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், வெண்கலத் திட்டத்துக்கு மாறி, வருமானத்தை 82,000 என்று மதிப்பிட்டு விண்ணப்பத்தைத் திருத்துவேன். மாதம் 1,469 டாலர் மானியம் போக, 1,580 டாலர் திட்டத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 111 டாலர் அளவில் இருக்கும். மிச்சமாகும் தொகையிலிருந்துதான் எச்எஸ்ஏவில் போடும் 6,000 வர வேண்டும். அதைச் செலவழித்துவிட்டால் திட்டம் முழுவதும் கவிழும். வெண்கலத்தின் குறை, பெரிய நோய் வந்தால் ஒருவருக்கு ஆண்டில் 10,600 டாலர் வரை கைப்பணம் போகலாம் என்பது. மனைவியின் மருந்துகளும் மருத்துவரும் எந்தத் திட்டத்தில் அடங்குகின்றன என்று பார்த்துவிட்டே தேர்ந்தெடுங்கள். டெக்சாஸின் பல இடங்களில் தங்கத் திட்டம் வெள்ளியைவிட மலிவு என்ற விசித்திரமும் உண்டு; அதன் விலையையும் ஒருமுறை பாருங்கள், ஆனால் அதில் எச்எஸ்ஏ வழி பொதுவாகக் கிடைக்காது.

மானியத்தை மாதாமாதம் முழுதாக வாங்கிக்கொள்வதா என்பதில் எச்சரிக்கை தேவை. வருமானம் மதிப்பீட்டைவிடக் கூடினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு, நான்கு மடங்கு வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இதுவரை ஒரு உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அது நீங்கிவிட்டது. கோட்டை நூறு டாலரில் தாண்டினாலும் வாங்கியதை முழுவதும் திருப்ப வேண்டியிருக்கும். வருமானம் நிச்சயமில்லாதவர்கள் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டிப் பெற்று, மீதியை வரிக் கணக்குத் தாக்கலில் வாங்கிக்கொள்ளலாம். தம்பதியர் கூட்டாகத் தாக்கல் செய்வது கட்டாயம்.

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் சந்தை வழியாகவே எடுங்கள், முழு விலை கொடுக்க நேர்ந்தாலும்கூட. 2021 மார்ச்சில் வந்த சட்டம் அந்த ஆண்டு ஜனவரி முதலே முன்தேதியிட்டுச் செல்லுபடியானது. சந்தையில் முழு விலைக்கு வாங்கியிருந்தவர்கள் வரித் தாக்கலில் அந்தச் சலுகையைப் பெற்றார்கள், முகவரிடம் வெளியில் வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்த முறையும் செனட் மனம் மாறினால் அப்படி நடக்க வாய்ப்புண்டு. கோட்டைத் தாண்டியவர்களுக்கு எந்த வயதிலும் இந்த ஆண்டு திறந்துவிடப்பட்டிருக்கும், பெரிய மருத்துவச் செலவுக்கு மட்டுமே பெரும்பாலும் உதவும் பேரிடர்த் திட்டங்கள் மலிவாகத் தோன்றினாலும், அவற்றுக்கு வரிச்சலுகை எந்த நிலையிலும் பொருந்தாது. குறுகிய காலத் திட்டங்களோ ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்குபவை. நீரிழிவு உள்ள வீட்டுக்கு அவை உதவா.

காப்பீட்டை நிறுத்தினால் டெக்சாஸில் அபராதம் இல்லை என்பது உண்மை. ஆனால் பிரீமியம் கட்டாமல் விட்டதைக் காரணம் காட்டி ஆண்டின் நடுவில் மீண்டும் சேர முடியாது. கண்புரை சிகிச்சையையோ பல் வேலையையோ கோவைக்குப் போய்ச் செய்துகொள்வது நல்ல யோசனைதான், பலர் செய்கிறார்கள். நெஞ்சுவலியோடு டல்லாஸிலிருந்து விமானம் ஏற முடியாது.

ஜனவரிக்குக் கட்டிய 2,150 டாலரின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டு வருமானம் கோட்டுக்குள் வந்தால், அந்த மாதத்துக்கான சலுகையையும் 2027 தொடக்கத்தில் வரித் தாக்கலோடு 8962 எண் படிவத்தில் கேட்டுப் பெறலாம்.