ஆட்சி மாறினால் காப்பீட்டு கார்டு செல்லாதா?

கேள்வி: மருத்துவக் காப்பீட்டுத் தொகையைக் கூட்டுவோம் என்று பிரசாரத்தில் சொன்னார்கள். இப்போது எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், "பழைய கார்டு செல்லாது, 500 ரூபாயும் ஆதார் நகலும் கொடுங்கள், புது கார்டு வாங்கித் தருகிறேன்" என்கிறார். அப்பாவுக்கு பைபாஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். கார்டு இலவசம்.

மேடையில் சொன்னது உங்கள் கைக்கு வர பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், அரசாணை வர வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனியுடனான ஒப்பந்தம் மாற வேண்டும். அதுவரை பழைய கார்டுதான் கார்டு.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம். 2011-ல் ஆட்சி மாறியது; 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது, ஆண்டுக்கு ஒரு லட்சம். பெயர், கார்டு எல்லாம் மாறின. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியபோது பெயர் மாறவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ரூபாயானது. புரோக்கர்கள் பிழைப்பது அந்த முதல் அனுபவத்தை வைத்துத்தான்.

மேடையில் எடுபடுவது 'இத்தனை லட்சம்' என்ற ஒற்றை எண். அப்புறம் சட்டசபையில் நடக்கும் சண்டையும் அந்த எண்ணையும் திட்டத்தின் பெயரையும் சுற்றித்தான். பைபாஸுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பேக்கேஜ் தொகை எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரி திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பேசி யாரும் ஓட்டு வாங்கியதில்லை. அதனால் ஜெயித்த பிறகும் யாரும் பேசுவதில்லை. அப்பாவுக்குப் படுக்கை கிடைக்குமா என்பது அதில்தான் இருக்கிறது. கேட்டால் "காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சம் இருக்கிறதே" என்பார்கள்!

கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு சென்னை ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரைத் தாண்டி உள்ளே போங்கள்.

சாலை விபத்து மட்டும் தனி. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். வெளி மாநிலத்தவரானாலும் சரி, வசதியுள்ளவரானாலும் சரி, தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டிருந்தால் போதும். ஆனால் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கார்டைத் தேடி வீட்டுக்கு ஓடாதீர்கள்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். சேர்க்கும் முன்பே 1800 425 3993-ல் கூப்பிட்டு, அந்த ஆஸ்பத்திரி பைபாஸுக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, இதய சிகிச்சைக்கும் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன், உள்ளே காப்பீட்டு கவுன்டரில் இன்சூரன்ஸ் கம்பெனியின் முன் அனுமதி வந்துவிட்டதா என்று பாருங்கள். "இப்போது அட்வான்ஸ் கட்டுங்கள், அப்ரூவல் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்றால் கட்டாமல், அதே எண்ணுக்கு அங்கிருந்தே புகார் சொல்லுங்கள்.