எல்லாவற்றையும் கொட்டிவிடும் 'நோயாளி'

கேள்வி: நோயாளியாக நடிப்பவர்களை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பேசப் பழக்குகிறோம். மாணவர் ஒரு கேள்வி கேட்டதுமே நடிப்பவர் முழுக் கதையையும் ஒப்பித்துவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: அவருக்குக் கொடுத்த குறிப்பை எடுத்துப் பாருங்கள். வெறும் நோய் விவரமாக இருக்கும். மனப்பாடம் செய்தவர் ஒப்பிக்கத்தான் செய்வார். அதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தானாகச் சொல்லும் முதல் வாக்கியம், கேட்டால் மட்டும் சொல்வது, காது கொடுத்துக் கேட்டால் மட்டும் வெளிவருவது.

"ரெண்டு வாரமா தலைவலி, டாக்டர்" என்பது முதல் வாக்கியம். சாயங்காலம் வலி கூடும், தூக்கம் சரியில்லை என்பது கேட்டால் சொல்ல. அண்ணன் மூளைக்கட்டியால் இறந்தார், தனக்கும் அதுவோ என்ற பயம் மூன்றாவது. "வேற ஏதாவது மனசை உறுத்துதா?" என்று கேட்டுவிட்டு மாணவர் நாலைந்து விநாடி பேசாமல் காத்திருந்தால்தான் அது வர வேண்டும். ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடச் சொல்லுங்கள். வகுப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

நடிப்பு எட்டு நிமிடம் என்றால், அதைப் பற்றிய பேச்சுக்குப் பதினைந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். முதலில் மாணவர் பேசட்டும், அடுத்து நடித்தவர், ஆசிரியர் கடைசியில். ஆசிரியர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "நல்லா பேசினீங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. "அண்ணன் இறந்ததைச் சொன்னதும் நீங்க பேனாவை எடுத்தீங்க. அதுக்கு மேல பேச எனக்கு மனசு வரல" என்று நடித்தவர் சொன்னால், அந்த மாணவர் மறக்கமாட்டார். உடனே அந்த இடத்திலிருந்தே மறுபடி நடத்துங்கள். திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாத விமர்சனம் வெறும் காயம்தான்.

கேள்வி: அதே குறிப்பைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே வேண்டாம். 1963இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் இந்த முறையைத் தொடங்கினார். எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே நிலைமை கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். வகுப்பில் மாணவரின் நிலைக்கேற்ப நடிப்பவர் இளகலாம், இறுகலாம். தேர்வில் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், எப்போது கண் கலங்குவது என்பதுவரை எழுதி, எல்லா நடிகர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பழக்க வேண்டும்.

கேள்வி: துக்கச் செய்தி கேட்டு அழுகிற காட்சியில் நடித்தவர் வெகுநேரம் கலங்கியே இருக்கிறார். இது சரியா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அழுவது நடிப்பானாலும் உடம்பு அதை நிஜமாகவே அனுபவிக்கிறது. காட்சி முடிந்ததும் நாற்காலியை மாற்றி உட்காரவைத்து, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வேறு பேச்சுக்கு இழுங்கள். அடுத்தடுத்து நடிக்கவைக்காமல் இடைவெளி கொடுங்கள். சமீபத்தில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவரா என்பதை, வேடம் கொடுப்பதற்கு முன்பே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.